ஏற்றத்தில் உதறும் மோட்டர்: ஹப் மோட்டரின் ஹோல் சென்சர் பழுதை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

இலங்கையின் மலைநாட்டில் மின்சார சைக்கிள் பழுதாகும் விதமே வேறு. கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதியை நினைத்துப் பாருங்கள். 500 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் தொடங்கி, 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவுக்குப் போகிறது. அந்த ஏற்றம் முழுக்க, சில்லின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டர் கரண்டை அள்ளி இழுக்கிறது. சில்லை முன்னால் தள்ளும் அதே விசை அச்சைப் பின்னால் திருகப் பார்க்கிறது. அச்சின் துவாரம் வழியாக வரும் வயர் அந்தத் திருகலில் நசிகிறது. மேலே போனால் மூடுபனி, தூறல், இரவில் கடும் குளிர். ஹோல் சென்சர் என்பது மோட்டருக்குள் காந்தம் கடப்பதை உணர்ந்து சொல்லும் சிறு உறுப்பு. அது சார்ந்த பழுதுகள் இங்கே அதிகம் வருவதற்கு இவ்வளவும் சேர்ந்துதான் காரணம்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் சாதாரண சைக்கிளுக்கே மின்மோட்டர் கிட் வாங்கிப் பூட்டியவர்கள் உண்டு. அந்த வண்டிகள் இப்போது வயதாகி ஒவ்வொன்றாக உதறத் தொடங்கியிருக்கின்றன. உதறினால் உடனே “ஹோல் சென்சர் போச்சு” என்று மோட்டரைப் பிரிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் சென்சர் நன்றாகவே இருந்தது. பழுது இருந்தது அச்சு வாயில் நசிந்த வயரிலும், துருப்பிடித்த கனெக்டரிலும். பிரிக்காமலே அதைக் கண்டுபிடிக்கலாம். வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டர், சில்லைச் சுற்ற ஓர் ஆள், கொஞ்சம் பொறுமை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது

ஹப் மோட்டரிலிருந்து மூன்று தடித்த வயர்களும் ஐந்து மெல்லிய வயர்களும் வரும். தடித்தவை மஞ்சள், பச்சை, நீலம். சுருளுக்குப் போகும் பேஸ் வயர்கள் இவைதான். மெல்லியவற்றில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், மற்ற மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் மூன்று ஹோல் சென்சர்களின் சிக்னல். சில மோட்டர்களில் ஆறாவதாக ஒரு வெள்ளை வயரும் இருக்கும். அது வேகத்துக்கோ வெப்பத்துக்கோ உரியது.

மோட்டரின் காந்தங்கள் ஒவ்வொரு சென்சரையும் கடக்கும்போது அதன் சிக்னல் 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறிப் போகும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஆறு நிலைகள் கிடைக்கும்: 001, 011, 010, 110, 100, 101. எந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுப்பது என்று, பெட்டரிக்கும் மோட்டருக்கும் நடுவில் இருக்கும் கொன்ட்ரோலர் முடிவு செய்வது இதை வைத்துத்தான். 000, 111 இரண்டும் வரவே கூடாது. சென்சர்களை 60 பாகை இடைவெளியில் வைத்த மோட்டர்கள் அபூர்வமாக உண்டு. அவற்றில் கணக்கு மாறும், 000, 111 இரண்டும் சரி, 010, 101 இரண்டும் தவறு.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்சர் தானாக 5 வோல்ட்டை வெளியே தருவதில்லை. அந்த 5 வோல்ட் கொன்ட்ரோலருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் வழியாக சிக்னல் வயருக்கு வருகிறது. சென்சர் செய்வதெல்லாம் அதை எர்த்துக்கு இழுப்பதும் விடுவதும்தான். அதனால் சிக்னல் வயர் அறுந்தால் கொன்ட்ரோலர் பக்கம் 5 வோல்ட் அசையாமல் நிற்கும். ஈரத்தால் எர்த்துடன் ஒட்டினால் 0 இல் நிற்கும். கீழே வரும் பாதிப் பரிசோதனைகள் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன.

அறிகுறி: நின்ற இடத்தில் கிளம்பும்போது உதறுகிறது, உறுமுகிறது, தள்ளிவிட்டால் ஓடுகிறது

ஹோல் சென்சர் பழுதின் அசல் முகம் இதுதான். “அண்ணே, சமதரையில சும்மா போகுது, ஏத்தத்துல நிப்பாட்டி எடுத்தா மட்டும் உதறுது” என்று வந்து சொல்வார்கள். ஒரு சென்சர் செத்தால் ஆறு நிலைகளில் மூன்று கொன்ட்ரோலருக்குப் பொய்யாகப் போகும். அதில் ஒன்று வரக் கூடாத நிலை, அங்கே கரண்ட் நின்றுவிடும். மற்ற இரண்டில் தவறான சுருளுக்குக் கரண்ட் போகும். சில்லு எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து ஒரு தடவை கிளம்பும், ஒரு தடவை கிளம்பாது. சில்லைக் கையால் கொஞ்சம் நகர்த்திவிட்டு எக்சலேட்டரைத் திருகினால் கிளம்புகிறதா? அப்படியானால் சென்சர் பக்கம்தான் கோளாறு என்று ஓரளவு நம்பலாம்.

ஓட்டம் பிடித்த பிறகு நன்றாக ஓடினால், உங்கள் கொன்ட்ரோலர் சென்சர் இல்லாமலும் சமாளிக்கும் வகை. வேகம் வந்ததும் சுருளில் உண்டாகும் மின்னழுத்தத்தைப் பார்த்து அது இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. நின்ற நிலையில் அந்த மின்னழுத்தம் இல்லாததால்தான் கிளம்ப முடியவில்லை.

உதறும்போது எக்சலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சுற்றாத மோட்டருக்குள் கரண்ட் முழுவதும் வெப்பமாகிறது. சுருளும், கொன்ட்ரோலருக்குள் கரண்டைத் திறந்து மூடும் மொஸ்ஃபெட்டும் வெந்துபோகும். சிறிய பழுது பெரிய பழுதாவது அந்தச் சில நொடிகளில்தான்.

இனி அளப்போம். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி மோட்டர் சில்லைத் தரையிலிருந்து தூக்குங்கள். எக்சலேட்டர் பிளக்கைக் கழற்றி வையுங்கள், தவறிப் பட்டுச் சில்லு சுழன்றால் விரல் போகும். ஹோல் கனெக்டர் பூட்டியபடியே இருக்கட்டும். மீட்டரை டீசி 20 வோல்ட்டில் வைத்து, கனெக்டரின் பின்பக்கத்தில் வயர் நுழையும் இடம் வழியாக முனையை உள்ளே விடுங்கள். முனை தடிப்பாக இருந்தால் குண்டூசி பாவிக்கலாம். வயரின் மேலுறையைக் குத்தித் துளைக்க வேண்டாம், அந்த ஓட்டை வழியாக மழைநீர் செம்புக்குப் போய்விடும். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டரியின் வோல்ட் தவறி 5 வோல்ட் வயரில் பட்டால் சென்சர்கள் அந்த நொடியே போய்விடும்.

சாவியைப் போட்டு முதலில் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே பாருங்கள். 4.5 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அப்புறம் கறுப்பு முனையை எர்த்திலேயே வைத்துக்கொண்டு, மற்ற முனையை மஞ்சளில் வைத்துச் சில்லை மிக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். 46 காந்தங்கள் உள்ள பெரிய மோட்டரில் ஒரு சுற்றுக்கு 23 தடவை சிக்னல் ஏறி இறங்கும். வேகமாகச் சுற்றினால் மீட்டர் நடுவே 2.5 என்று ஒரு சராசரியைக் காட்டி உங்களை ஏமாற்றும். சின்ன கியர் மோட்டராக இருந்தால் சில்லைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். முன்பக்கம் சுற்றினால் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், மோட்டர் அசையாது, சிக்னலும் மாறாது. இது தெரியாமல் நல்ல மோட்டரைப் பழுது என்று ஒதுக்கி வைத்த இடங்கள் உண்டு.

மூன்றும் 0 க்கும் 5 க்கும் தெளிவாகத் தாவினால் சென்சர்கள் நலம். ஒன்று மட்டும் 5 இலேயே நின்றால் அந்த வயர் அறுந்திருக்கலாம், அல்லது சென்சர் செத்திருக்கலாம். ஒன்று மட்டும் 0 இல் நின்றால் ஷோர்ட், இல்லையேல் சென்சர். கீழே இறங்கும்போது 0 வரை வராமல் 2 வோல்ட்டில் தொங்கினால் எர்த் வயரிலோ கனெக்டரிலோ துரு இருக்கிறது.

மூன்றும் 5 இலேயே நின்றால் மூன்று சென்சர்களும் ஒரேயடியாகச் செத்ததாக எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம். சிவப்போ கறுப்போ மோட்டர் பக்கம் அறுந்து, சென்சர்களுக்குக் கரண்டே போகாமல் இருந்தாலும் இதே அளவுதான் வரும். மலைநாட்டு வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

கொன்ட்ரோலரை இன்னும் சந்தேகித்தால் ஹோல் கனெக்டரைக் கழற்றிவிட்டு, கொன்ட்ரோலர் பக்கத்து மூன்று சிக்னல் முனைகளையும் தனியாக அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய 5 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று 0 காட்டினால் பழுது கொன்ட்ரோலரில், மோட்டரைத் தொட வேண்டாம்.

கொன்ட்ரோலரே கைவசம் இல்லையென்றால் போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். சிக்னலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பிறகு மேலே சொன்னபடியே அளக்கலாம். ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் நல்ல சென்சரும் செத்ததுபோல்தான் தெரியும்.

பழுது அச்சு வாயிலா, உள்ளேயா?

ஒரு சிக்னல் நின்றிருப்பது தெரிந்துவிட்டது. இப்போதும் பிரிக்க அவசரம் வேண்டாம். மீட்டரை அதே வயரில் வைத்தபடி, சில்லை அசைக்காமல், அச்சிலிருந்து கேபிள் வெளியே வரும் இடத்தில் மெல்ல வளைத்துப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். அளவு தாவினால் பழுது அங்கேதான். பிறகு அச்சு நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்திருக்கிறதா? கவைக்குள் அச்சு உட்காரும் இடத்தில் உலோகம் தேய்ந்து பளபளக்கிறதா? ஏற்றத்தில் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகியிருந்தால் கேபிள் அதனுடன் சுற்றிக்கொண்டிருக்கும். பின்சில்லுக்கு மின்பிரேக் வைத்த வண்டிகளில் இது இன்னும் மோசம். ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் என்று அச்சு மாறி மாறித் திருகுவதால் நட் விரைவில் தளர்கிறது.

அச்சு வாயில் மேலுறை கிழிந்திருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். தடித்த பேஸ் வயர் மெல்லிய சிவப்பு வயரைத் தொட்டால் மூன்று சென்சர்களும் கொன்ட்ரோலரின் 5 வோல்ட் பகுதியும் ஒரே நேரத்தில் போகும்.

அறிகுறி: டிஸ்பிளே எரிகிறது, ஆனால் எதற்கும் அசைவில்லை

ஒரு சென்சர் மட்டும் செத்தால் மோட்டர் பெரும்பாலும் இப்படி முழுக்க ஊமையாகாது, சில்லைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் ஏதாவது சத்தமாவது போடும். அதனால் முதலில் பிரேக் சுவிட்சுகளின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்திருப்பதாகக் கொன்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருந்தால் மோட்டர் கிளம்பாது, நானுஓயா போன்ற ஈர இடங்களில் அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொள்வது சாதாரணம். அப்புறம் எக்சலேட்டர். அதற்குள்ளும் ஒரு ஹோல் சென்சர்தான். விட்ட நிலையில் அதன் சிக்னல் 0.8 முதல் 1 வோல்ட், முழுதாகத் திருகினால் 3.5 க்கு மேல் வர வேண்டும்.

இரண்டும் சரி என்றால் 5 வோல்ட்டை அளங்கள். 1, 2 வோல்ட் என்று சரிந்து கிடந்தால் ஏதோ ஒன்று அதைக் கீழே இழுக்கிறது. மோட்டர் ஹோல் கனெக்டர், எக்சலேட்டர், பெடல் சென்சர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, ஷோர்ட் அதில்.

அறிகுறி: மழை நாளில் மட்டும், அல்லது காலையில் மட்டும் உதறுகிறது

வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் மழை. இரண்டு காலத்திலும் இந்த அறிகுறி பெருகும். தண்ணீர் கேபிள் வழியே வழிந்து அச்சுத் துவாரத்துக்குள் போகிறது. மழையில் ஓட்டாத வண்டிக்கும் இது வரலாம். ஏற்றத்தில் சூடான மோட்டர் மேலே போய்க் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரக் காற்றை அதே துவாரத்தால் உறிஞ்சிக்கொள்ளும்.

கனெக்டரைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துலக்கி, காய்ந்ததும் சிலிக்கன் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும். கேபிள் அச்சுக்கு வருவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறுமாறு கட்டுங்கள், நீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். மோட்டருக்குள்ளேயே தண்ணீர் போயிருந்தால் மூடியைக் கழற்றி உலர்த்தியே ஆக வேண்டும். வெளியே வெயிலில் வைத்தால் மட்டும் போதாது, ஈரம் உள்ளேயே நின்று தகடுகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

அறிகுறி: நெடிய ஏற்றத்தின் நடுவில் நின்றுபோகிறது

இதைச் சென்சர் பழுது என்று நினைத்துப் பலர் பணம் செலவழிக்கிறார்கள். டிஸ்பிளேயும் சேர்ந்து அணைந்து, சாவியை எடுத்துத் திரும்பப் போட்டதும் வந்தால் அது பெட்டரி. முழுதாக ஏறிய 48 வோல்ட் பெட்டரி 54.6 வோல்ட் காட்டும், 36 வோல்ட் பெட்டரி 42 காட்டும். வயதான பெட்டரி சும்மா இருக்கும்போது நல்ல அளவைக் காட்டிவிட்டு, கரட் மூட்டையோடு ஏற்றத்தில் இழுக்கும்போது சரிந்துவிடும்.

டிஸ்பிளே எரிந்தபடியே இருந்து மோட்டர் மட்டும் உதறி நின்று, அரைமணி நேரம் ஆறியதும் சரியானால்தான் சென்சரை நினைக்க வேண்டும். வெப்பத்தில் விரியும்போது சோல்டர் விட்டுப்போன கால் ஒன்று தொடர்பை இழக்கும், குளிர்ந்ததும் சேரும். இதை வீட்டில் குளிர்ந்த மோட்டரில் அளந்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். மீட்டரைக் கையோடு கொண்டுபோய், நின்ற இடத்திலேயே சூட்டோடு அளப்பது ஒன்றுதான் வழி.

அறிகுறி: சாவி போடாமலே சில்லு இறுக்கமாகச் சுற்றுகிறது

சென்சர் இல்லை. பேஸ் வயர்கள் மூன்றையும் கொன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். இலகுவானால் கொன்ட்ரோலரின் மொஸ்ஃபெட் வெந்துவிட்டது. கழற்றியும் இறுக்கம் குறையவில்லை என்றால் மோட்டருக்குள் பேஸ் வயர்கள் ஒட்டியிருக்கின்றன.

டிஸ்பிளேயில் வரும் இலக்கம்

கேடி வகை டிஸ்பிளேயில் 03 என்றால் ஹோல் சிக்னல் கோளாறு. பாஃபாங் தயாரிப்புகளில் அது 08. எஸ்866 வகை டிஸ்பிளேயில் 24. இணையத்தில் கண்ட பட்டியலை எல்லா வண்டிக்கும் பொருத்த வேண்டாம். 21 என்பது பாஃபாங்கில் வேக சென்சரைக் குறிக்கும், எஸ்866 இல் கரண்ட் கோளாறை. வேக சென்சர் போனால் வேகம் 0 என்று காட்டும், ஆனால் மோட்டர் உதறாது.

கொன்ட்ரோலர் மாற்றிய பிறகு சத்தம், அல்லது பின்பக்கம் சுற்றுகிறது

பழுது எதுவும் இல்லை, வயர் வரிசைதான் பிசகியிருக்கிறது. நிறத்துக்கு நிறம் பொருத்தினால் சரிவரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மூன்று பேஸ், மூன்று ஹோல் என்று 36 விதமாகப் பொருத்தலாம், சில மட்டுமே முன்பக்கம் அமைதியாகச் சுற்றும். தானே கற்றுக்கொள்ளும் வயர் உள்ள கொன்ட்ரோலராக இருந்தால் அந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, சில்லு சரியான திசையில் சுற்றியதும் பிரித்துவிட்டால் முடிந்தது.

சென்சர்தான் என்று உறுதியானால்

சிலர் சென்சர் இல்லாத கொன்ட்ரோலரைப் பூட்டிவிடலாம் என்பார்கள். யாழ்ப்பாணத்துச் சமதரையில் அது ஓடும். அட்டன் வீதியில் வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றுவிட்டு மூட்டையோடு திரும்பக் கிளம்ப வேண்டியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பெடலை மிதித்து வேகம் கொடுத்தால்தான் அது கிளம்பும், அந்தச் சரிவில் மிதிக்க முடியாததால்தானே மோட்டரே பூட்டினோம்.

எஸ்எஸ்41எஃப் வகை சென்சர் பரவலாகப் பாவிக்கப்படுகிறது. கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 3144 என்ற மலிவான சென்சரைத் தந்தால் வாங்க வேண்டாம். அது காந்தத்தின் ஒரு முனைக்கு மட்டும்தான் வேலை செய்யும். மோட்டருக்கு இரு முனைகளுக்கும் மாறும் வகை வேண்டும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மற்ற இரண்டும் அதே வெப்பத்தில் வெந்தவைதான், மோட்டரை இரண்டாம் முறை பிரிப்பது வீண் வேலை.

மூடியும் கூடும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பிரியுங்கள். கியர் இல்லாத மோட்டரின் காந்தம் மிகவும் வலியது, நடுப்பகுதி திடீரென்று உள்ளே பாயும், விரலை இடையில் வைக்கக் கூடாது. பழைய சென்சரைத் தோண்டும் முன் போட்டோ எடுங்கள். எழுத்துள்ள முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். சில மோட்டர்களில் நடுவிலுள்ளது மட்டும் திரும்பியிருக்கும். எழுத்துள்ள முகத்தைப் பார்த்தபடி பிடித்தால் இடது கால் 5 வோல்ட், நடு எர்த், வலது சிக்னல். சோல்டர் இரும்பை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் தனியாக, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். வெப்பம் தாங்கும் எபொக்சியால் ஒட்டுங்கள். வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் வேண்டாம், அது செம்பை அரிக்கும்.

மூடுவதற்கு முன் 5 வோல்ட் கொடுத்து மூன்று சிக்னல்களையும் இன்னொரு தடவை அளங்கள். மூடிய பிறகு சில்லைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சுமையில்லாமல் ஓரிரு அம்பியர்தான் இழுக்க வேண்டும். பத்து அம்பியர் இழுத்து உறுமினால் இரண்டு சிக்னல்கள் இடம் மாறியிருக்கின்றன. எல்லாம் சரியாக இருந்தால் அச்சைத் திருகவிடாத டோர்க் ஆர்மைப் பூட்டி, நட்டை இறுக்கி, நட்டிலிருந்து கவை வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். முதல் ஏற்றம் ஏறி இறங்கியதும் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், விலகியிருந்தால் திரும்ப இறுக்குங்கள்.